உறைபனி மாதங்களில் நாய், பூனை, கன்று, குதிரை: மலையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நீர்ப்பனி விழ ஆரம்பித்ததுமே கேள்விகள் குவியத் தொடங்கிவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். காற்றின் குளிரைச் செல்சியஸிலும், விலங்கின் உடம்புச் சூட்டை ஃபாரன்ஹீட்டிலும் சொல்கிறேன். மெடிக்கலில் கிடைக்கும் தெர்மாமீட்டர் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில்தான் காட்டும்.

தலைகுந்தாவிலிருந்து: சார், எங்க லாப்ரடார் வெளியேதான் படுக்கும். தகரத்துல கூண்டு அடிச்சு அடியில சாக்கு போட்டிருக்கோம். மழையே இல்லாத நாள்லகூட காலையில சாக்கு நனைஞ்சு கிடக்கு. தண்ணி எங்கிருந்து வருது?

உங்கள் நாயிடமிருந்துதான். ராத்திரி முழுக்க அது விடும் மூச்சில் உள்ள ஈரம், பனியில் சில்லிட்டுப்போன தகரத்தில் பட்டு முத்து முத்தாகக் கோர்த்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் அது நாயின் முதுகிலும் சாக்கிலும் சொட்டும். சாக்கு குடித்த ஈரத்தைச் சீக்கிரம் விடாது. ஈரச் சாக்கில் படுப்பதற்கு வெறும் பலகையில் படுப்பது எவ்வளவோ மேல்.

நம் ஊர்க் குளிரில் நாயைப் படுத்துவது டிகிரியைவிட ஈரமும் காற்றும் சில்லென்ற தரையும்தான். உரோமத்துக்கு இடையில் சிக்கி நிற்கும் காற்றுதான் நாய்க்குக் கம்பளி. நனைந்தால் அந்தக் காற்று போய்விடும். காய்ந்த படுக்கையில் சுருண்ட லாப்ரடார் 2 டிகிரியைச் சமாளித்துவிடும். நனைந்து, காற்றுக்கு நடுவே நிற்கும் அதே நாய் 10 டிகிரியிலேயே வெடவெடக்கும்.

கூண்டைப் பலகையில் செய்யுங்கள். 25 முதல் 30 கிலோ நாய்க்கு உள்ளளவு மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரம் போதும். எழுந்து நிற்க வேண்டும், ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும், சுருண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான். பாசத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டிவிடாதீர்கள். உள்ளே ஹீட்டர் கிடையாது, நாயின் சூட்டில்தான் கூண்டு சூடாக வேண்டும். 12 மில்லிமீட்டர் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு அங்குலத் தெர்மாகோல். உள்பக்கப் பலகையை விட்டுவிட்டுத் தெர்மாகோலை மட்டும் ஒட்டினால் இரண்டே நாளில் கடித்துத் தின்றுவிடும். அடித்தளத்தை ஹாலோ பிளாக் கல்லின் மேல் ஆறு அங்குலம் தூக்கி வையுங்கள். கூரை பின்பக்கம் சரியட்டும், முன்பக்கம் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். வாசலை நடுவில் வைக்காமல் ஓரமாக வைத்து, பழைய ரப்பர் மேட்டைப் பட்டை பட்டையாகக் கிழித்து இரண்டு அடுக்காகத் தொங்கவிடுங்கள். கூரைக்கு ஒட்டினாற்போல் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு அங்குல ஓட்டை இரண்டு போட மறக்காதீர்கள். மூச்சின் ஈரம் வெளியேற அதுதான் வழி. அதை அடைத்தால் பலகைக் கூண்டும் வியர்க்கும்.

வாசல் தென்கிழக்கைப் பார்த்து இருக்கட்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சாரலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும் மழையும் நேரே உள்ளே போகாது. காலை வெயிலும் கிடைக்கும். இடம் பார்க்கும்போது ஒன்று: குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கும். விடிந்ததும் உங்கள் வாசலில் எந்தப் புல் வெள்ளையாகக் கிடக்கிறதோ அந்த இடத்தில் கூண்டு வைக்காதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மேட்டில் வையுங்கள்.

இவ்வளவும் பகலுக்கும், வேறு வழியே இல்லாத ராத்திரிக்கும். முடிந்தால் ராத்திரியில் வீட்டுக்குள் ஒரு மூலை கொடுத்துவிடுங்கள். தலைகுந்தாப் பக்கம் சிறுத்தை வராத வீதி எது? சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. போதாக்குறைக்கு, நாயைக் குட்டைச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்.

எல்லநள்ளியிலிருந்து: நாய்ப் படுக்கைக்கு வைக்கோல் போடலாம்னு பார்த்தோம். இங்க கீழிருந்து வரணும், விலையும் அதிகம். தைலமர இலை நிறையக் கிடக்கு, அதைப் போடலாமா?

வேண்டாம். தைல இலையில் எண்ணெய் இருக்கிறது, அது நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. தட்டையான இலை காற்றையும் பிடித்து வைக்காது. தச்சுப் பட்டறையில் மரம் இழைக்கும்போது விழும் இழைப்புளிச் சுருள் கேளுங்கள். மரத்தூள் வாங்காதீர்கள், மூக்கில் ஏறும். பெயின்ட், பாலிஷ் போட்ட மரத்தின் சுருளும் வேண்டாம். ஆறு அங்குலம் கொட்டுங்கள். காலையில் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். விரல் சில்லென்று ஒட்டினால் அன்றைக்கே மாற்ற வேண்டும். வைக்கோல் கிடைத்தால் அதற்கு ஈடில்லை, நாய் அதற்குள் குழி பறித்துப் புதைந்து படுத்துவிடும். பச்சைப் புல்லைக் காயவைத்துப் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, எங்க நாய் குட்டி போட்டு மூணு நாள் ஆச்சு. ஆறுல ஒண்ணு மட்டும் ஓரமா ஒதுங்கிக் கிடக்கு, தொட்டா சில்லுனு இருக்கு, பால் குடிக்கல. பாலாடையில பசும்பால் ஊத்தலாமா? பக்கத்து வீட்டுப் பாட்டி ரெண்டு சொட்டு பிராந்தி விடச் சொல்றாங்க.

இரண்டும் வேண்டாம், தங்கச்சி. முதலில் சூடு, பிறகுதான் பால். இந்த வரிசை மாறினால் குட்டி பிழைக்காது.

முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கத் தெரியாது. தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறன் இன்னும் வந்திருக்காது. தாயின் வயிறும் கூடப்பிறந்தவையும்தான் அதற்கு அடுப்பு. உடம்பு 94 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு நின்றுவிடும். அப்போது ஊற்றும் பால் வயிற்றிலேயே கிடந்து புளிக்கும், இல்லாவிட்டால் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். தாய் அதை ஒதுக்குவதும் இதனால்தான். சில்லிட்ட குட்டியைத் தாய் செத்ததாக எண்ணித் தள்ளிவிடும், சூடேறியதும் அதே தாய் சேர்த்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் அரை அங்குலம் மட்டும் விட்டுப் பாருங்கள். மனிதர்களுக்கான டிஜிட்டல் கருவி 90க்குக் கீழே இருந்தால் எண் காட்டாது, 'லோ' என்று மட்டும் காட்டும். முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 98 வரை இயல்பு. அதற்குக் கீழே இருந்தால் ஸ்வெட்டருக்குள் உங்கள் வயிற்றோடு தோல்பட வைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குட்டியைத் திருப்பிவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கட்டும். அவசரப்பட்டுக் கொதிநீர்ப் பாட்டிலையோ ஹேர் டிரையரையோ நேராகக் காட்டினால் தோல் வெந்துவிடும், உள்சூடு ஏறியிருக்காது.

96ஐத் தாண்டி, வாயில் விரல் வைத்தால் சப்ப ஆரம்பித்ததும் தாயின் பின்பக்கக் காம்பில் விடுங்கள். பால் அங்கேதான் அதிகம் சுரக்கும். தாயிடம் பால் போதாவிட்டால் நாய்க்குட்டிக்கான பால் பவுடர் வாங்குங்கள். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் நாய்ப்பாலைவிட மிகக் குறைவு, அதில் தண்ணீர் வேறு கலந்தால் வெறும் வெள்ளைத் தண்ணீர்தான் மிஞ்சும். புட்டியில் கொடுக்கும்போது குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும். மனிதக் குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடித்து ஊற்றினால் புரையேறும். பாலாடைக்கும் இதே ஆபத்து உண்டு. பிராந்தி ரத்தக் குழாய்களை விரிப்பதால் உள்ளே இருக்கும் கொஞ்சச் சூடும் தோல் வழியாகப் போய்விடும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

குட்டிகள் கிடக்கும் பெட்டிக்கு மேலே ஒரு ஓரமாக 100 வாட் அகச்சிவப்பு பல்பு, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், கம்பி வலைக் கூட்டுக்குள் தொங்கட்டும். நடுவில் தொங்கவிட்டால் சூடு அதிகமானாலும் குட்டிகள் விலகிப் போக இடமிருக்காது. குட்டிகள் படுக்கும் மட்டத்தில் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும், நான்காவது வாரம் 23 போதும். குட்டிகளே உங்களுக்குத் தெர்மாமீட்டர்: குவியலாக ஏறிக்கொண்டு கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் நீட்டிப் படுத்து மூச்சு வாங்கினால் சூடு, பக்கம் பக்கமாக ஒட்டித் தூங்கினால் சரி. தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் எடை போடுங்கள். பிறந்த எடை எட்டிலிருந்து பத்து நாளில் இரட்டிக்க வேண்டும். ஒருநாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், இறங்கினால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

காந்தலிலிருந்து: வீட்டுக்குள்ள கரி அடுப்புல கங்கு போட்டு வச்சா நாயும் நாங்களும் ஒண்ணா குளிர் காயலாம்ல? கதவைச் சாத்தினா நல்லா கதகதப்பா இருக்கு. புகையும் வர்றதில்லை.

புகை வராததுதான் ஆபத்து. புகை என்றால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்பீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அசதி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார்கள். அறை கதகதப்பாக இருந்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு படுக்கிறார்கள். தணல் சாம்பல் பூத்து மங்கிய பிறகும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும்.

குளிர் காய வேண்டுமானால் வாசலில் காயுங்கள். படுக்கப் போகும்போது அடுப்பு வெளியே, நாய் உள்ளே. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதாது. வீட்டில் கூண்டுப் பறவை இருந்தால் முதலில் சாவது அதுதான். இங்கிலாந்துச் சுரங்கங்களில் 1986 வரை இந்த வாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவியைத்தான் வைத்திருந்தார்கள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து: எங்க கிட்ட இருக்கறது சிப்பிப்பாறை. மதுரைப் பக்கத்துல இருந்து எடுத்துட்டு வந்தோம். ஸ்வெட்டர் போடணுமா, இல்ல பழகிடுமா?

போட வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் உள்ரோமம் கிடையாது, தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை. கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்ட வளர்த்த உடம்பு அது. எத்தனை வருடம் மலையில் இருந்தாலும் உள்ரோமம் முளைக்காது. ராஜபாளையத்துக்கும் இதே கதைதான். கண்டிப்பாக வீட்டுக்குள் படுக்க வேண்டிய ஜாதி.

கடையில் விற்கும் நாய் ஸ்வெட்டர் இந்த நாய்க்குச் சரிவராது. நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டியிருக்கும். கழுத்துச் சுற்றளவு, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, கழுத்திலிருந்து வால் தொடக்கம் வரை நீளம், இந்த மூன்றையும் அளந்துகொண்டு குழந்தைகளுக்கான கம்பளி ஸ்வெட்டர் வாங்குங்கள். பட்டன் வைத்ததாக வாங்கி, பட்டன் முதுகுப் பக்கம் வரும்படி மாட்டி, கைப்பகுதியை முழங்கைக்கு மேல் வெட்டிவிடுங்கள். ஆண் நாய் என்றால் வயிற்றுப் பக்கம் சிறுநீர் படாதபடி ஒரு வளைவு வெட்டு வேண்டும். இரண்டு விரல் உள்ளே போகிற தளர்வு இருக்கட்டும். தினமும் ஒருமுறை கழற்றி அக்குளைப் பாருங்கள், உராய்ந்து சிவந்திருக்கும். நனைந்த ஸ்வெட்டரை அந்த நிமிடமே கழற்ற வேண்டும். காலை நடையை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஜாதிக்கு விடிகாலைப் பனிப்புல் ஆகாது.

அருவங்காட்டிலிருந்து: அப்போ ஹஸ்கி?

குளிரில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனியிலிருந்து புரட்டாசி வரை விடாத சாரலில்தான் கஷ்டம். உள்ரோமம் காயாமல் தோல் புண்ணாகும். வாரம் இரண்டு முறை உள்ரோமச் சீப்பால் வாருங்கள், மொட்டை அடிக்காதீர்கள்.

வெலிங்டனிலிருந்து: மார்கழி, தை மாசத்துல நாயைக் குளிப்பாட்டலாமா? நாத்தம் தாங்கல.

நாற்றம் குளிக்காததால் வருகிறதா, ஈரமான படுக்கையாலா, காதாலா, பல்லாலா என்று முதலில் முகர்ந்து பாருங்கள். பாதி நேரம் காதும் பல்லும்தான் காரணம். குளிப்பாட்டத்தான் வேண்டுமென்றால் மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். வெயில் உள்ள நாளில் பதினோரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் முழங்கைக்கு இதமான தண்ணீர், அவ்வளவுதான் சூடு. காதில் பஞ்சு வையுங்கள், பிறகு அதை எடுக்கவும் மறக்காதீர்கள். இரண்டு துண்டு நனையும் வரை துடைத்து, டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு அடி தள்ளிக் காட்டுங்கள். மேல்முடி காய்ந்தது போலத் தெரியும். வயிற்றடியிலும் தொடை இடுக்கிலும் முடியைப் பிரித்து விரல் வைத்துப் பார்த்த பிறகே வெளியே விட வேண்டும்.

லவ்டேலிலிருந்து: பூனைக்குச் சளி, மூக்கு ஒழுகுது, மேல் சுடுது. குழந்தைக்கு வாங்கின பாராசிட்டமால் சிரப் இருக்கு. நெஞ்சுல கொஞ்சம் தைலம் தேய்ச்சுவிட்டா தேவலையா?

பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, ஒரு சொட்டுக்கூட. அதை உடைத்து வெளியேற்றத் தேவையான என்சைம் பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பெரிய பூனையைக் கொல்லப் போதும். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் ஈறு பழுப்பாகிறதா, முகமும் பாதமும் வீங்குகிறதா என்று காத்திருந்து பார்க்காமல் உடனே கொண்டுபோங்கள். மாற்று மருந்து உண்டு, முதல் சில மணி நேரத்தில்தான் வேலை செய்யும்.

தைலமும் கூடாது. யூகலிப்டஸ், விண்டர்கிரீன் இரண்டும் நம் ஊர்க் கடைகளில் வரிசையாக இருப்பதால் கை அதற்குத்தான் போகும். பூனை தடவியதை நக்கியே தீரும். விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுக்கவே ஆஸ்பிரின் வகைச் சேர்மம்.

செய்யக்கூடியது: குளியலறையில் கதவைச் சாத்தி வாளியில் வெந்நீர் வைத்து, பூனையை உங்கள் மடியில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் உட்காருங்கள். வாளிக்குள் எதுவும் ஊற்றாதீர்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசம் தெரியாது, அதனால்தான் சாப்பிடாது. மீனையோ கோழியையோ வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரல் கெடும்.

மசினகுடியிலிருந்து: மாத்திரை பத்திப் பேசறதால கேக்கறேன். மாட்டுக்குக் காய்ச்சல், மடி வீக்கம். மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் ஊசி வாங்கிப் போட்டுடலாமா?

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் 2006லேயே தடை செய்யப்பட்டது. கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்னும் பாறு கழுகின் சிறுநீரகம் போய்விடும். தமிழ்நாட்டில் பாறு மிஞ்சியிருப்பதே உங்கள் மாயாறு பள்ளத்தாக்கில்தான். டாக்டரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். மடி வீக்கத்துக்கு வலி ஊசி மட்டும் போதாது, மடிக்குள் மருந்து ஏற்ற வேண்டும்.

மன்னவனூரிலிருந்து: கலப்பினக் கன்று போட்டு ரெண்டு நாள். பெரியவங்க தொழுவத்தை நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடச் சொல்றாங்க.

நாலு பக்கம் வேண்டாம். காற்று வரும் பக்கத்தில் மட்டும், கன்று நிற்கும் உயரத்துக்கு மேல் ஒரு அடி வரை மறையுங்கள். கூரைக்கடியில் திறந்தே இருக்கட்டும். முழுக்க மூடினால் சாணமும் மூத்திரமும் சேர்ந்து அமோனியா கிளம்பும், அது நுரையீரலை அரித்து நிமோனியாவுக்கு வழிவிடும். நின்றுகொண்டு மோந்தால் தெரியாது. கன்றின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து மூச்சு இழுங்கள். கண் கரித்தால் காற்றோட்டம் போதவில்லை. படுக்கைக்கு ஒரு சோதனை: அதன் மேல் இருபது நொடி முழங்கால் ஊன்றுங்கள், வேட்டி நனைந்தால் மாற்ற வேண்டும்.

மூன்று வாரத்துக்குள் இருக்கும் கன்றுக்குச் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனாலே சூட்டுக்காகக் கூடுதல் தீனி வேண்டும். மன்னவனூரில் அது எல்லா ராத்திரியும்தான். வழக்கமான இரண்டு வேளையோடு ராத்திரி ஒன்பது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, கறந்த சூட்டில் கொடுங்கள். கோணிச்சாக்குக்கு உள்ளே பழைய கம்பளியைத் தைத்து முதுகில் போட்டு, நெஞ்சிலும் வயிற்றிலும் நாடா கட்டுங்கள். பகல் வெயிலில் கழற்றிக் காயப்போடுங்கள். அடுத்த ஈற்றுக்கு நினைவில் வையுங்கள்: 30 கிலோ கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டர் சீம்பால், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள். சீம்பால் குடிக்காத கன்றுக்கு எத்தனை சாக்கு போர்த்தினாலும் பயனில்லை.

கொடைக்கானல் ஏரிப் பக்கமிருந்து: சவாரிக் குதிரைக்கு ராத்திரி சாக்கு போர்த்தலாமாண்ணே?

உடம்பு தேறிய, முடி வளர்ந்த மட்டக்குதிரை என்றால் வேண்டாம், தம்பி. குளிரில் அதன் முடி நட்டுக்கொண்டு நிற்கும், இடையில் காற்று தங்கும். சாக்கைப் போட்டால் முடி படுத்துவிடும், சாக்கு பனியில் நனைந்தால் இரட்டிப்பு நஷ்டம். கிழடு, நோஞ்சான், முடி கத்தரித்த குதிரைக்குத் தண்ணீர் புகாத மேலுறை உள்ள ரக் என்கிற குதிரைப் போர்வை போடலாம். சவாரி முடிந்து வேர்த்திருந்தால் கட்டிப்போடாமல் கால் மணி நேரம் நடத்துங்கள், வைக்கோல் கொத்தால் முடிக்கு எதிர்ப்பக்கமாகத் தேயுங்கள். காது அடி காய்ந்த பிறகே கொட்டகை.

குதிரைக்கு அடுப்பு அதன் பெருங்குடல்தான். நார்த்தீனி அங்கே புளிக்கும்போது சூடு வரும். 300 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு ஐந்திலிருந்து ஆறு கிலோ காய்ந்த புல். உறைபனி ராத்திரி என்றால் சாயங்காலம் ஒரு கிலோ கூடுதலாகப் போடுங்கள். கொள்ளையும் தவிட்டையும் ஏற்றினால் அந்தச் சூடு வராது, வயிற்று வலிதான் வரும். பனித்தண்ணீரைக் குதிரை குறைவாகக் குடிக்கும், குடல் அடைக்கும். காலையில் ஒரு வாளி வெந்நீரைத் தொட்டியில் கலந்துவிடுங்கள். லத்தி சின்னதாக, கெட்டியாக, பளபளவென்று விழுந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். விலாவைக் கண்ணால் பார்க்காதீர்கள், குளிர்கால முடி ஏமாற்றும். விரலால் தடவி எண்ணிப் பாருங்கள். ராத்திரி மேய்ந்துகொள்ளட்டும் என்று ரோட்டில் விடும் பழக்கத்தை விடுங்கள். குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் தின்ற குதிரைக்கு வைத்தியம் கடினம்.

குன்னூரிலிருந்து: லவ் பேர்ட்ஸ் நாலும், ஒரு பச்சைக்கிளியும் இருக்கு. ஜன்னல் ஓரமா வச்சிருக்கோம்.

லவ் பேர்ட்ஸ் கூண்டை ஜன்னலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி வையுங்கள். நான்ஸ்டிக் சட்டி காய்ந்துபோனால் வரும் ஆவி பறவைக்கு விஷம். ராத்திரி மூன்று பக்கம் தடித்த துணி, ஒரு பக்கம் திறப்பு. பகலிலும் உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தால் குளிர் மட்டும் காரணமாக இருக்காது, நோயாகத்தான் இருக்கும்.

பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நீங்களே திறந்து விடாதீர்கள், கூண்டிலேயே வளர்ந்தது பிழைக்காது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

ஊட்டி ஃபிங்கர்போஸ்டிலிருந்து: 60 லிட்டர் மீன்தொட்டி, 50 வாட் ஹீட்டர். ராத்திரி 20க்கு மேல ஏறவே மாட்டேங்குது.

லிட்டருக்கு ஒரு வாட் என்கிற கணக்கு சமவெளிக்காரர்களுடையது. அங்கே ஐந்து டிகிரி ஏற்றினால் போதும். உங்கள் அறை 12 என்றால் 26க்கு 14 டிகிரி ஏற்ற வேண்டும், 150 வாட் வேண்டும். ஒன்றாக வாங்காமல் 75 வாட் இரண்டு வாங்கித் தொட்டியின் இரு முனைகளில் வையுங்கள். ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும், ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. அடியிலும் பின்பக்கமும் பக்கங்களிலும் தெர்மாகோல், மேலே கண்ணாடி மூடி. கரண்ட் போனால் கம்பளியைச் சுற்றி, தீனியை நிறுத்துங்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். இத்தனை பாடு வேண்டாமென்றால் கோல்ட்ஃபிஷ் வளர்க்கலாம், அதற்கு ஹீட்டரே தேவையில்லை.

சேரிங்கிராஸிலிருந்து: சீசன்ல வர்றவங்க நாய்க்கு சாக்லேட்டும் வர்க்கியும் போடறாங்க. குளிருக்குச் சூடு தரும்தானேன்னு எங்ககிட்டயே கேக்கறாங்க.

சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. 10 கிலோ நாய்க்கு டார்க் சாக்லேட் 40 கிராமிலேயே வாந்தி, படபடப்பு தொடங்கும், 100 கிராமில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மில்க் சாக்லேட் என்றால் அந்தத் தொடக்கம் சுமார் 100 கிராமில். ஹோம்மேட் சாக்லேட் பாக்கெட்டே பெரும்பாலும் 100 கிராம்தான். உலர்திராட்சை கலந்ததாக இருந்தால் அளவே பார்க்காதீர்கள், அது சிறுநீரகத்தைத் தாக்கும். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் வாந்தி எடுக்கவைப்பார். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வர்க்கி விஷமில்லை. ஆனால் மைதாவும் கொழுப்பும்தான், ஒன்றிரண்டு போகட்டும். வெளியில் படுக்கும் நாய்க்குக் குளிர்காலத்தில் கால் பங்கு தீனி கூடுதலாக வேண்டியதுதான். அதை முட்டை, கோழி ஈரல், சோற்றோடு ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று கொடுங்கள். வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் தூங்கும் நாய்க்கு இந்தச் சலுகை கிடையாது.

கேத்தியிலிருந்து: தெரு நாய்களுக்கு ஸ்வெட்டர் தைச்சுப் போடலாம்னு இருக்கோம்.

நல்ல மனசு, ஆனால் வேண்டாம். நனைந்தால் கழற்ற ஆளில்லை, வேலியில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். அந்தப் பணத்தில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். உணவுப்பொருள் வந்த டிரம்மாக இருக்க வேண்டும், ரசாயன டிரம் எவ்வளவு கழுவினாலும் ஆகாது. படுக்கவைத்து, இரு பக்கமும் கல் கொடுத்து உருளாமல் செய்து, வாயின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்து, வாய்ப்பக்கம் அரை அங்குலம் தாழ்வாக வையுங்கள், உள்ளே புகுந்த தண்ணீர் வடியட்டும். உள்ளே இழைப்புளிச் சுருள். காதில் வெட்டு இல்லாத நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்காது. நகராட்சி வழியாக அதையும் வெறிநாய்த் தடுப்பூசியையும் முடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மார்கழிக்கு அதே டிரம்மில் எட்டுக் குட்டி இருக்கும்.

நடுங்கும் நாயைத் தூக்கும்போது கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, குட்டிதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907லிருந்து வெறிநாய்க்கடியோடு மல்லுக்கட்டும் ஊர் இது, இங்கேயே மஞ்சள் வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

கோவையிலிருந்து: பக் நாயோட ரெண்டு நாள் ஊட்டி வர்றோம். குளிர் தாங்குமா?

ஸ்வெட்டரும் ரூமுக்குள் படுக்கையும் இருந்தால் தாங்கும். மூச்சுதான் கவனம். 400 மீட்டரிலிருந்து 2,240 மீட்டருக்கு ஏறுகிறீர்கள், சப்பை மூக்கு நாய்க்கு முதல் நாள் மேட்டில் ஓட்டம் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் சாப்பாடு போட்டுவிட்டு ஏறினால் பதினாலு கொண்டை ஊசியில் அத்தனையும் வெளியே வரும், கிளம்புவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே ஊட்டிவிடுங்கள்.

இன்னொருவர், ஊர் சொல்லவில்லை: காலையில வண்டி எடுக்கும்போது பானெட்டுக்குள்ள பூனை இருக்கும்னு சொல்றாங்க. ஹார்ன் அடிச்சா ஓடிடாதா?

ஓடாது, பயந்து இன்னும் உள்ளே ஒடுங்கும். ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு ஏறியது, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில்தான் படுத்திருக்கும். பானெட்டைக் கையால் நாலு தட்டுத் தட்டி, கதவை ஒருமுறை ஓங்கிச் சாத்தி, அரை நிமிடம் பொறுத்து, டயருக்கு மேலேயும் குனிந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.